மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக்கசிவு. பாப் ஸ்மியர் நார்மல். கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

உங்கள் அம்மாவுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இதோடு விட்டுவிடாதீர்கள்.

பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. கர்ப்பப்பையில் ஹெச்பிவி என்ற வைரஸால் புற்றுநோய் வருவது அந்த வாய்ப்பகுதியில்தான். கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது வேறு புற்றுநோய். பாப் ஸ்மியரில் அது பெரும்பாலும் சிக்காது.

என் அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு லேசாகக் கறை பட்டது. வலியே இல்லை. உடல் பருமனும் சர்க்கரையும் இருந்தன. கொழுப்பிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கும். அது உள்சுவரை வளர்த்துக்கொண்டே இருக்கும். முதலில் பார்த்த மருத்துவரும் 'பாப் ஸ்மியர் நார்மல், கவலை வேண்டாம்' என்றுதான் சொன்னார். மறுபடி கறை பட்டதும் நான் பிடிவாதமாக வேறொருவரிடம் அழைத்துப் போனேன். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் சுவர் தடித்திருந்தது. 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலே பயாப்ஸி, அதாவது சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனை, செய்வார்கள்; அம்மாவுக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். முடிவு: புற்றுநோய், முதல் நிலை. கர்ப்பப்பை, சினைப்பை, சினைக்குழாய் எல்லாவற்றையும் எடுத்தார்கள். கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இன்று நன்றாக இருக்கிறார்.

'பயமுறுத்தாதே' என்று யாராவது வருவார்கள். நான் மருத்துவர் இல்லை, சரி. இப்படி ரத்தம் படும் பெண்களில் ஏறக்குறைய 10-ல் ஒருவருக்குத்தான் புற்றுநோய். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சுவர் மெலிவோ, பாலிப் என்ற சாதாரணச் சதை வளர்ச்சியோ இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 10-ல் 9 பேருக்கு ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரமாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கும் நோயை ஏன் வளரவிட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அறுவைக்கு முன் எல்லா விவரத்தையும் என் தம்பியிடமே சொன்னார்கள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. பார்க்க வந்த உறவினர்களோ, 'இந்த வயதில் கர்ப்பப்பை எதற்கு, எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறார்கள்' என்றார்கள். அம்மா அன்றிரவு அழுதார். உடம்பு அவருடையது. அவரிடம் கேட்க வேண்டாமா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

நீங்கள் உள்வழி ஸ்கேன் கேளுங்கள். சுவர் மெலிதாகவே இருந்தாலும் திரும்பத் திரும்பக் கறை பட்டால் பயாப்ஸியும் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டவர் என்றாலோ, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்தாலோ, அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.