டேப்லெட்டில் இரண்டு செயலிகள் ஒரே திரையில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துவிட்டு, குறிப்பெடுக்க வேறொரு செயலிக்குப் போய்த் திரும்பினால், படித்துக்கொண்டிருந்த வரி கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை என்கிறாள். இரண்டையும் ஒரே திரையில் வைக்க முடியுமா? எங்களுடையது சாம்சங் டேப்லெட். (வாசகி, விருதுநகர்)

பதில்: முடியும், இதற்கென்று எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. 2016-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் இந்த வசதி இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. சாம்சங் அதற்கும் முன்பே, 2012-இல், கேலக்ஸி நோட் 10.1 டேப்லெட்டில் இதைத் தன் வழியில் கொடுத்திருந்தது.

முதலில் பிடிஎஃப்பையும் குறிப்புச் செயலியையும் ஒருமுறை திறந்துகொள்ளச் சொல்லுங்கள். பிறகு திரையின் அடியில் மூன்று கோடுகளாகத் தெரியும் பொத்தானைத் தட்டினால், அண்மையில் திறந்த செயலிகள் அட்டைகளைப் போல வரிசையாக நிற்கும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: அட்டையைத் தட்டினால் அந்தச் செயலி வழக்கம்போல முழுத்திரையில் திறந்துவிடும். அட்டையின் தலைப்பில் உள்ள சின்னஞ்சிறு செயலிப் படத்தைத்தான் தட்ட வேண்டும். அப்போது விரியும் பட்டியலில், பிரித்த திரையில் திறக்கச் சொல்லும் வரியைத் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப் ஒரு பாதிக்கு ஒதுங்கிக்கொள்ளும்; மறுபாதிக்குக் குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை விரலால் இழுத்து, பாடநூலுக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம். கோட்டைத் திரையின் ஓரம்வரை இழுத்துவிட்டால் பிரிவு நீங்கிவிடும். நடுக்கோட்டைத் தட்டினால் வரும் சிறு பட்டியலின் வழியே இந்த இரண்டு செயலிகளையும் ஒரு ஜோடியாகச் சேமித்துவைத்தால், மறுநாள் ஒரே தட்டில் இரண்டும் அருகருகே திறக்கும்.

இதைக் கற்றுக்கொண்ட பலர் இரண்டே நாளில் கைவிட்டுவிடுவதற்குக் காரணம் விசைப்பலகை. டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்துக் குறிப்பெழுதத் தொடங்கியதும், விசைப்பலகை கீழிருந்து எழுந்து திரையில் ஏறக்குறைய பாதியை மறைத்துவிடுகிறது. பாடநூலிலும் மேல்பாதி மட்டுமே மிஞ்சுகிறது. விசைப்பலகையின் அமைப்புகளில் அதை மிதக்கும் வடிவத்துக்கு மாற்றினால், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, வேண்டிய மூலைக்கு நகரும். சாம்சங்கின் எழுதுகோலான எஸ் பென்னால் கையெழுத்தாகவே குறிப்பெடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் தேர்ந்தெடுத்த பத்தியை அழுத்திப் பிடித்து, அப்படியே மறுபக்கத்துக்கு இழுத்துப் போடும் வசதியைப் பல செயலிகள் தருகின்றன. ஆனால் தமிழ் பிடிஎஃப்கள் பலவும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டவை என்பதால், ‘சோழர் ஆட்சி’ என்று கண்ணுக்குத் தெரிவது, இழுத்துப் போட்டதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாக விழக்கூடும். அது உங்கள் டேப்லெட்டின் பழுது அன்று. அத்தகைய பக்கங்களை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக் குறிப்பில் ஒட்டலாம். இல்லையேல் மகள் தன் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும், மனத்தில் நிற்பதும் அதுதான்.

கேள்வி: இணையவழிப் பாட்டு வகுப்பின் வீடியோவை ஒரு பாதியிலும், சுருதிப்பெட்டிச் செயலியை மறுபாதியிலும் வைக்கிறேன். சுருதியைத் தொடங்கினாலே வீடியோ நின்றுவிடுகிறது. சாகித்தியம் எழுதிய பக்கத்தைத் தொட்டாலும் சில சமயம் நின்றுவிடுகிறது. ஏழாண்டுப் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட். (வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் சொல்வன இரண்டு வெவ்வேறு சங்கதிகள். ஆண்ட்ராய்டில் ஒலியெழுப்ப விரும்பும் செயலி முதலில் ஒலிக்கான உரிமையைக் கேட்டுப் பெறுவது முறை. புதிதாக ஒன்று கேட்டதும், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அடங்கிவிடும். திரையைப் பிரித்தாலும் இந்த முறை பிரிவதில்லை. ஆகவே சுருதியை வேறொரு கைபேசியில் ஒலிக்கவிடுவதே எளிது. மின்சுருதிப்பெட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

பக்கத்தைத் தொட்டதும் நிற்பதற்குக் காரணம் பதிப்பு. ஆண்ட்ராய்டு 9 வரை, பிரித்த திரையில் கடைசியாகத் தொட்ட செயலி மட்டுமே முழு இயக்கத்தில் இருக்கும். மற்றது கண்ணுக்குத் தெரிந்தாலும் இடைநிறுத்த நிலைக்குப் போய்விடும். அந்த நிலையிலும் வீடியோவை ஓடவிடும்படி எழுதப்பட்ட செயலிகள் ஓடின, அப்படி எழுதப்படாதவை நின்றன. இரண்டு செயலிகளும் ஒருசேர இயங்குவதற்கு 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பு வழிசெய்தது. உங்கள் டேப்லெட்டுக்கு அந்தப் புதுப்பிப்பு வராது என்றால், வகுப்பை வேறொரு வீடியோ செயலியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஐபேடைப் புதுப்பித்த பிறகு, மேலே இருந்த மூன்று புள்ளிகளையே காணவில்லை. முன்போலத் திரையைப் பிரிக்க முடியாதா? (வாசகி, சென்னை)

பதில்: நீங்கள் ஐபேட்ஓஎஸ் 26-க்கு மாறியிருப்பீர்கள். 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த பழைய பிரிப்பு முறையை ஆப்பிள் 2025-இல் எடுத்துவிட்டு, மேக் கணினியில் உள்ளதைப் போன்ற சாளரங்களைக் கொண்டுவந்தது. அமைப்புகளில், பல்பணியும் சைகைகளும் என்னும் பொருளில் உள்ள பகுதிக்குச் சென்று, சாளர முறையைத் தேர்ந்தெடுங்கள். முழுத்திரை முறையில் இருந்தால் பிரிக்கவே வழி தெரியாது. அதன்பின் ஒரு சாளரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து இடப்பக்கமாகச் சுண்டிவிட்டால் அது இடப்பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும்; இன்னொன்றை வலப்பக்கமாகச் சுண்டிவிடுங்கள். சாளரத்தின் மூலையிலுள்ள சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொட்டுகளை அழுத்திப் பிடித்தாலும் திரையைப் பங்கிடும் தேர்வுகள் வரும். பழைய முறையே கைக்கு எளிதாக இருந்தது என்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

கேள்வி: திரையைப் பிரித்தால் பேட்டரி சீக்கிரம் தீருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பாடநூலும் குறிப்பும் என்றால் வேறுபாடு தெரியாது. ஒரு பக்கம் வீடியோவும் மறுபக்கம் வரைபடமும் ஓடினால் தீரும், டேப்லெட்டும் சுடும்.