சேஃப்டி, சுற்றுச்சூழல்: சட்டப்படி பொறுப்பு யாருக்கு? உங்க கேள்விகளுக்கு பதில்

ரெண்டு நாளா வந்த கேள்வியெல்லாம் சேர்த்து இங்கயே பதில் போடுறேன். 20 வருஷத்துக்கு மேல பிளான்ட் சேஃப்டில இருந்தவன் நான், வக்கீல் இல்ல. செக்‌ஷன் நம்பர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால எல்லா இடத்துக்கும் பொதுவா இருக்கறத மட்டும் சொல்றேன்.

கேள்வி: கான்ட்ராக்டர் ஆளுக்கு அடிபட்டா கம்பெனிக்கு என்ன சம்பந்தம்? "முழு பொறுப்பும் கான்ட்ராக்டருக்கே"ன்னு அக்ரிமென்ட்லயே போட்டிருக்கோம்.

அந்த வரிய வச்சு நஷ்ட ஈட்டுப் பணத்த யார் குடுக்கறதுன்னு உங்களுக்குள்ள பேசிக்கலாம். சட்டம் சுமத்துற கடமைய அதால இறக்கி வைக்க முடியாது. இடம் யாரோடது, மெஷின் யாரோடது, பைப் லைன்ல என்ன ஓடுதுன்னு யாருக்கு தெரியும்? உங்களுக்குத்தான். வெல்டிங் பண்ண வந்தவருக்கு அந்த டேங்க்ல நேத்து என்ன இருந்துச்சுன்னு எப்படி தெரியும், நீங்க சொன்னாத்தான தெரியும். ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதோட 1981 ஒப்பந்தம், 155ஆவது, அதுல ஒரே இடத்துல ரெண்டு மூணு கம்பெனி வேலை செஞ்சா எல்லாரும் சேர்ந்துதான் பாதுகாப்ப பாக்கணும்னு தெளிவா இருக்கு. கான்ட்ராக்டருக்கு கடமை இல்லன்னு சொல்லல, அவருக்கும் உண்டு, ஆனா அவருக்கு இருக்கறதால உங்களுது குறையாது.

கேள்வி: ஷூ, ஹெல்மெட்டுக்கு சம்பளத்துல பிடிக்கறாங்க, சரியா?

தப்பு. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு தொழிலாளி காசு செலவு பண்ணக் கூடாதுன்னு அதே 155லயே இருக்கு. உங்க நாட்டு தொழிலாளர் துறையில எழுதிக் குடுங்க.

கேள்வி: எங்களுக்கு ஐஎஸ்ஓ 45001 சர்டிபிகேட் இருக்கு, சட்டப்படி போதும்தான?

போதாது. அது நிர்வாக முறைக்கான தரம், சட்டம் கேக்கறது வேற.

கேள்வி: கன்ஃபைன்டு ஸ்பேஸ் பெர்மிட்ல கையெழுத்து போடச் சொல்றாங்க, போட்டா என் தலையில விழுமா?

இதுக்கு கொஞ்சம் நீளமாவே சொல்லணும். கன்ஃபைன்டு ஸ்பேஸ்னா டேங்க், குழி மாதிரி அடைஞ்ச இடம், அதுக்குள்ள இறங்க எழுதித் தர்ற அனுமதிதான் இந்த பெர்மிட். ஒரு இடத்துல நான் பெர்மிட் ஃபைல புரட்டினேன், மூணு நாளும் காலை ஏழு மணிக்கு ஆக்சிஜன் 20.9ன்னு எழுதியிருக்கு, அதே பேனா, அதே சாஞ்ச எழுத்து. கேஸ் அளக்கற மீட்டர எடுத்துட்டு வாங்கன்னேன். ஸ்டோர் அலமாரியில கெடந்துச்சு, பேட்டரி செத்துப் போயி, மேல தூசி. அந்த மூணு நாளும் உள்ள ரெண்டு பேர் இறங்கி வேலை செஞ்சிருக்காங்க. உயிரோட ஏறி வந்தது அவங்க அதிர்ஷ்டம். 19.5 சதவீதத்துக்கு கீழ போனாலே ஆக்சிஜன் பத்தாதுன்னு கணக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், அதிகமானா மூக்கே மரத்துடும், நாத்தம் போயிடுச்சு இனி இறங்கலாம்னு நினைக்கறப்பதான் ஆள் சாவான். அவனத் தூக்கப் போறேன்னு பின்னாடியே குதிக்கறவனும் சாவான்.

அதனால உங்க கேள்விக்கு பதில்: ஆமா, விழும். 2010 ஜூன்ல போபால் விஷவாயு வழக்குல தண்டனை வாங்கினவங்கள்ல கம்பெனி சேர்மனும் இருந்தாரு, பிளான்ட் சூப்பரின்டென்டென்ட்டும் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்டும் கூட இருந்தாங்க. பதவி சின்னதுன்னா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. நீங்களே போய் பாக்காத எதுலயும் கையெழுத்து போடாதீங்க. மீட்டர் உங்க கண்ணு முன்னாடி காட்டினா போடுங்க.

கேள்வி: ஆபத்துன்னு தெரிஞ்சு வேலை செய்ய மாட்டேன்னா வேலைய விட்டுத் தூக்கலாமா?

உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமான காரணம் இருந்து நீங்க விலகினா, அதுக்காக உங்கள தண்டிக்கக் கூடாது. ஆனா சும்மா இறங்கி வீட்டுக்கு போயிடாதீங்க. சூப்பர்வைசர்கிட்ட உடனே சொல்லுங்க, எழுத்துல, மெசேஜா இருந்தாலும் சரி. அத சரி பண்ற வரைக்கும் திரும்ப உள்ள போகச் சொல்ல முடியாது.

கேள்வி: உயரத்துல வேலை செஞ்ச எங்க பையன் ஒருத்தன் சேஃப்டி பெல்ட் மாட்டியிருந்தான், ஹூக்க மாட்டல, விழுந்துட்டான். டிரெயினிங் குடுத்து கையெழுத்து வாங்கியிருக்கோம். தப்பு அவன் மேலதான?

ஹூக்க எதுல மாட்டணும்? அத மொதல்ல சொல்லுங்க.

அவரே: பக்கத்துல பைப் இருக்கு, அதுல மாட்டலாம்.

விழற ஆளோட வேகத்த அந்த பைப் தாங்கும்னு யார் கணக்கு போட்டது? ஹூக் மாட்டறதுக்குன்னே லைஃப் லைன் கயிறு கட்டினீங்களா? நகர நகர ஹூக்க கழட்டி மாட்ட வேண்டியிருந்தா ரெண்டு ஹூக் இருக்கற கயிறு குடுத்தீங்களா?

இன்னொருத்தர்: நானும் 15 வருஷமா சூப்பர்வைசர். தொழிலாளிக்கும் கடமை உண்டுன்னு சட்டத்துலயே இருக்கு. நீங்க எல்லாத்தையும் நிர்வாகம் பக்கமே திருப்புறீங்க.

தொழிலாளிக்கு கடமை உண்டு, மறுக்கல. ஒத்துழைக்கணும், குடுத்தத ஒழுங்கா பயன்படுத்தணும். எல்லாம் செஞ்சு குடுத்தும் ஒருத்தன் வேணும்னே மீறினா விசாரணையில அதையும் பாப்பாங்க. ஆனா நீங்க சூப்பர்வைசர்ங்கறதால கேக்கறேன், அந்தப் பையன் ஹூக் போடாம ஏறினது அதான் மொத தடவையா? அப்படி இருக்காது. தினமும் கீழருந்து பாத்துட்டு, வேலை முடியட்டும்னு விட்டிருப்பீங்க, அப்ப அவனுக்கு நீங்க சொல்லிக் குடுத்தது அதுதான். அதுவும் மொத்த வரிசைய பாருங்க: ஆபத்தையே நீக்கு, இல்லன்னா மாத்து, அப்புறம் தடுப்பு போடு, அப்புறம் வேலை முறை, கடைசியாத்தான் பெல்ட்டும் ஹெல்மெட்டும். கைப்பிடி வச்ச மேடை போட்டிருந்தா ஹூக் பேச்சே வந்திருக்காதே.

அதே சூப்பர்வைசர்: மேடை போட ரெண்டு நாள் ஆகும், வேலை அரை மணி நேரம். மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க.

அப்ப மேடை கேட்டு எழுதிக் குடுங்க. அவங்க மாட்டேன்னு எழுதட்டும். உங்க வாயால "ஏறு"ன்னு சொன்னா அது உங்க உத்தரவு. நான் உங்கள குத்தம் சொல்ல இவ்வளவு எழுதல, நாளைக்கு விசாரணையில தனியா நிக்கப் போறது நீங்கன்னு கவலையா இருக்கு.

கேள்வி: சேஃப்டிக்கு கன்சல்டன்ட் வச்சிருக்கோம், அப்ப பொறுப்பு அவருக்குத்தான?

முதல் பதில படிங்க. இதே கேள்வி அஞ்சாவது தடவை.

கேள்வி: சர்டிபிகேட் கம்பெனியே ஆடிட் பண்ணி ஓகே சொல்லிட்டாங்க...

மூணாவது பதில்.

கேள்வி: கழிவுநீர் சுத்திகரிப்பு பம்ப் ரிப்பேர், ஒரு ராத்திரிக்கு மட்டும் நேரா திறந்து விடச் சொல்றாங்க.

திறக்காதீங்க. உற்பத்திய குறைச்சு, தொட்டியில தேக்கி வைங்க, அதுவும் முடியலன்னா லைன நிறுத்துங்க. அனுமதியில எவ்வளவு, எந்த தரத்துல, எந்த வழியான்னு எழுதியிருக்கும், ரிப்பேர்ங்கறது அத மீற அனுமதி இல்ல. தவறி வெளிய போயிட்டா மறைக்காம உடனே சுற்றுச்சூழல் அதிகாரிக்கு தகவல் குடுங்க, பல நாட்டுல தகவல் சொல்லாததே தனிக் குத்தம். வால்வ திருப்பற ஆபரேட்டர் பேர்லயும் வழக்கு வரலாம். லாக்புக்ல "நார்மல்"னு எழுதி கையெழுத்து போடச் சொன்னா போடாதீங்க.

கேள்வி: அடிபட்டவருக்கு எவ்வளவு நஷ்ட ஈடு வரும்?

தொழிலாளர் வக்கீல்கிட்ட கேளுங்க. புகார் குடுக்க கால வரம்பு இருக்கும், தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: அடுத்த வாரம் சேஃப்டி ஆபீசரா சேர்றேன், மொதல்ல என்ன பாக்கணும்?

ஷிஃப்ட் மாறற நேரத்துல போய் நில்லுங்க. 1988 ஜூலை 6, வட கடல்ல பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை, ஒரு பம்ப்போட ரிலீஃப் வால்வ (அழுத்தம் ஏறினா வெளியேத்தற வால்வு) பராமரிப்புக்கு கழட்டியிருந்தாங்க, அந்த தகவல் ராத்திரி ஷிஃப்டுக்கு சரியா போகல, இன்னொரு பம்ப் நின்னதும் வால்வு இல்லாத இந்த பம்ப்ப ஓட விட்டாங்க, கேஸ் கசிஞ்சு வெடிச்சிடுச்சு. 167 பேர் செத்தாங்க. அதனால போர்டுல எத்தன பெர்மிட் தொங்குது, எது முடிஞ்சது, எது பாதியில நிக்குதுன்னு போறவர் வர்றவருக்கு வாயாலயும் சொல்றாரா, சேர்ந்து போய் இடத்த காட்டறாரான்னு கவனிங்க. அப்புறம் கேஸ் மீட்டர கையில எடுத்து ஆன் பண்ணிப் பாருங்க.