அரசியல் அறிவியலில் கணக்கு எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் முதுகலை வரை அரசியல் அறிவியல் படித்துவிட்டு, சென்ற செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். பிளேட்டோவையும் அம்பேத்கரையும் பேசும் வகுப்புகளை எதிர்பார்த்து வந்த எனக்கு, முதல் பருவத்தில் வாய்த்தவை புள்ளியியலும் கணினி நிரலும்தான். தமிழகக் கிராமத்துப் பெண்கள் யாருக்கு வாக்களிப்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதே நான் ஆராய விரும்பும் பொருள். அதற்கு மனிதர்களை எண்களாக்கத்தான் வேண்டுமா? இந்த வகுப்பை விட்டுவிட்டுக் கோட்பாட்டுப் பக்கம் ஒதுங்கிவிடலாமா?

ம.
சிகாகோ

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கான விடை நீங்கள் விட நினைக்கும் வகுப்பில்தான் இருக்கிறது.

உங்கள் வளாகத்தில் 59ஆம் தெருவைப் பார்த்து நிற்கும் சமூக அறிவியல் ஆய்வுக் கட்டடத்தின் முகப்பில், அளக்க முடியாதபோது நம் அறிவு சொற்பமானது, நிறைவு தராதது என்னும் பொருளில் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. ‘அளக்க முடியாவிட்டாலும் அளந்துவிடு’ என்பதே அதன் பொருள் என்று அங்கேயே பணியாற்றிய பொருளியலாளர் ஃபிராங்க் நைட் கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்த வாசகத்தையும் அந்தக் கேலியையும் சேர்த்தே உங்கள் துறையின் மரபாகக் கொள்ள வேண்டும். 1923ஆம் ஆண்டு சிகாகோ மேயர் தேர்தலில் வாக்களிக்காத சுமார் 6,000 பேரைத் தேடிச்சென்று காரணம் கேட்டவர்கள் உங்கள் துறையைச் சேர்ந்த சார்லஸ் மெரியமும் ஹெரால்ட் காஸ்னெலும். அடுத்த ஆண்டே காஸ்னெல், வாக்காளராகப் பதிந்துகொள்ளும்படி நினைவூட்டும் அறிவிப்புகளை நகரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அஞ்சலில் அனுப்பி, இன்னொரு பிரிவினருக்கு அனுப்பாமல் விட்டு, அறிவிப்பு பெற்றவர்களில் பதிந்துகொண்டோர் விகிதம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். புலம்பெயர்ந்தோர் வாழ்ந்த பகுதிகளுக்கு அறிவிப்பு அவரவர் மொழியில் போனது. எண்ணை நம்பிய ஒருவர் மனிதர்களை மறந்துவிடவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே துறையில் 1964 முதல் பல்லாண்டுகள் கற்பித்த லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும், அதற்கு முன்பே, 1950களின் பிற்பகுதியில், சென்னை மாநிலத்தில் கருத்துக் கணிப்பு நடத்தியவர்கள். ஒருவரைத் தனியே அமரவைத்து அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்பது என்னும் அமெரிக்க நடைமுறை தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் செல்லுபடியாகவில்லை. வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில், அமெரிக்க அரசியல் அறிவியல் துறையைக் கணித முறைகள் விழுங்கிவிட்டன என்று பெயர் சொல்லாத ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து ‘பெரெஸ்த்ரோய்க்கா’ என்ற எதிர்ப்பு கிளம்பியபோது, ருடால்ஃப் தம்பதியர் அதன் பக்கம் நின்றார்கள். பின்னர் சூசன் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவரானார். தலைமையுரையில் அந்தத் தஞ்சாவூர் அனுபவத்தையே எடுத்துப் பேசினார்.

எனக்கும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. கல்லூரி நாட்களில், ஒரு தேர்தலுக்கு முன், வினாப்படிவத்துடன் லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டேன். வாசலில் நின்ற பெண்ணிடம் நான் கேட்க, திண்ணையிலிருந்த மாமனார் பதில் சொன்னார். “எனக்கென்ன தெரியும்” என்றார் அந்தப் பெண். ‘கருத்து இல்லை’ என்ற கட்டத்தில் பேனாவால் குறியிட்டேன். கிளம்பியபோது குடத்துடன் அடிகுழாய் வரை வந்தவர், ரேஷன் மண்ணெண்ணெயில் தொடங்கி, தன் ஓட்டு யாருக்கு, ஏன் என்பதை மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தார். நான் படிவத்தைத் திருத்தவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் பேராசிரியர் கோபிப்பார் என்ற பயம்.

அந்தக் கட்டத்தில் விழுந்த பதில்கள் தற்செயலாக அங்கே விழுந்தவையா, அல்லது ஒரே நிலையிலுள்ளவர்களின் பதில்கள் அங்கே திரண்டனவா என்பது முழுக்க முழுக்கப் புள்ளியியல் கேள்வி. விடுபட்ட தரவுகளைப் பற்றிய பாடத்தில் இதற்கென்றே முறைகள் உண்டு; கேட்பவர் ஆணா பெண்ணா என்பது விடையை எவ்வளவு மாற்றுகிறது என்பதையும் மதிப்பிட முடியும். ‘எண்கள் பொய்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவரை உங்கள் துறையில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இந்த எண் இந்த இடத்தில் இன்ன காரணத்தால் பிசகுகிறது என்று காட்டுகிறவரிடம் அவர்கள் வாதிட்டே ஆக வேண்டும்.

ஆனால் அடிகுழாய் வரை நடந்துபோகாமல் அந்தப் பிசகு கண்ணில் படாது. அதற்கும் அங்கே முன்னோடி உண்டு: திராவிட இயக்கத்தை ஆராய்ந்த மார்கரீட் ராஸ் பார்னெட் 1972இல் முனைவர் பட்டம் பெற்றது உங்கள் பல்கலைக்கழகத்தில்தான். அவருடைய நூலை ரீகன்ஸ்டைன் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். அவரோடு உடன்படாத இடங்களை ஓரத்தில் அல்ல, தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டு வகுப்பை அடுத்த பருவத்தில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டைக் காலாண்டுப் பருவங்களாகப் பிரித்திருப்பதால், ஜனவரியிலேயே அது தொடங்கிவிடும்.