குறுந்தொகை வகுப்பில் ஒன்றும் புரியவில்லையா?
கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன், சங்கக் காதல் பாட்டுகளின் தொகுப்பான குறுந்தொகையில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நானும் வணிகவியலிலிருந்து வந்தவன்தான். முதல் மாதம் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

உரையை அப்புறம் பாருங்கள். முதலில் பாட்டை வாய்விட்டுப் படித்து, பென்சிலால் சொல் சொல்லாகப் பிரியுங்கள். பாட்டோடு கூற்றும், அதாவது யார் பேசுகிறார் என்ற குறிப்பும், போட்டிருக்கும். பேசுவது தலைவியா தோழியா என்று தெரிந்தாலே பாதி திறந்துவிடும். 40ஆம் பாட்டில் தொடங்குங்கள். ஐந்தே அடி. 'யாயும் ஞாயும்' என்றால் என் தாயும் உன் தாயும். அடுத்த அடியில் எந்தை, நுந்தை, அதாவது என் தந்தை, உன் தந்தை. அப்புறம் செம்மண்ணில் விழுந்த மழைநீர் வரும். அந்த உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது, செம்புலப்பெயனீரார் என்று!

தேர்வில் திணையும் (பாட்டின் நிலமும் அதற்குரிய காதல் நிலையும்) துறையும் (பாட்டு எழும் சூழல்) கேட்பார்கள். சரி, அதைக் கடைசி வாரத்தில் உருப்போட்டுக்கொள்ளலாம்.