கரி அடுப்பில் குழந்தைத் துணி: வாசகியர் கேள்விகள்

கே: கோத்தகிரியில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். கைக்குழந்தையின் துணிகள் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை போவதில்லை. என் மாமியார் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதில் துணியைப் பரப்பி உலர்த்துகிறார். புகை வரவில்லை, பயமில்லை என்கிறார். செய்யலாமா?

ப: முதலில் அந்த அடுப்பை வெளியே எடுத்து வையுங்கள், மகளே. கனிந்த கரியில் புகை தெரியாது. ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்காத செய்திகள் நம் மலையிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கின்றன. குழந்தை படுக்கும் அறை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை விஷயத்தில் எந்தப் பாட்டியும் பிடிவாதம் பிடிக்க மாட்டார்.

இனி துணிக்கு வருவோம். ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியின் துணிமணிப் பொறுப்பைப் பல வருடம் பார்த்தவள் நான். மழைக்காலத்தில் எங்களைக் காப்பாற்றியது இரண்டு காரியம்: கொடிக்குப் போகும் முன்பே தண்ணீரை எடுத்துவிடுவது, அறைக்குள் காற்று ஓட வைப்பது. மெஷின் இருந்தால் ஸ்பின்னை இரண்டாம் முறையும் ஓட விடுங்கள். இல்லையென்றால், பிழிந்த துணியைக் காய்ந்த டர்க்கி டவலில் பாய்போலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். டவல் நனைவதைப் பார்த்தாலே எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தது என்று தெரியும்.

மேகம் வாசல் வரை இறங்கும் நாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும். தாழ்வாரக் கொடியில் எத்தனை நாள் போட்டாலும் பயனில்லை. ஓர் அறையை ஒதுக்கி, துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விட்டு, டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் ஓட விடுங்கள். நம் ஊரில் பல வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது. துணிக்காகவே ஒரு சின்ன ஃபேன் வாங்கினாலும் தண்டமில்லை. மேகம் விலகும் நேரத்தில் மட்டும் ஜன்னலைத் திறங்கள். சமையலறையில் கொடி கட்டாதீர்கள். உலைநீராவியும் தாளிப்பு வாசனையும் துணியில் ஏறிவிடும்.

ஈரவாடைக்கு இன்னொரு காரணம் சோப்புத்தூள். பச்சைத் தண்ணீரில் அது சரியாகக் கரையாமல் இழையிலேயே தங்கும். ஒரு மக் வெந்நீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், அளவையும் குறையுங்கள். குழந்தையின் இடுப்புத் துணிக்கு சாஃப்ட்னர் வேண்டாம். போட்டால் ஈரத்தை உறிஞ்சாது.

கே: மகனின் பள்ளி ஸ்வெட்டர் சுருங்கி, கட்டியாகிவிட்டது. வெந்நீரில்தான் துவைத்தேன். (குன்னூர் வாசகி)

ப: அசல் கம்பளி நூலுக்குச் சூடும் கசக்கலும் சேர்ந்தால் இழைகள் பின்னிக்கொள்ளும், அதைத் திரும்பப் பிரிப்பது கடினம். அடுத்த ஸ்வெட்டருக்கு, பூந்திக்கொட்டை ஊறிய ஆறிய நீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்க வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், டவலில் தட்டையாகப் பரப்புங்கள். கனத்த கம்பளிகளைத் தை, மாசி வெயிலுக்கு ஒத்திப் போடுங்கள். ஊட்டிப் பக்கம் அப்போது உறைபனி விழும் என்பதால் மாலையிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள்.

கே: தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறேன். சட்டைக் கை எல்லாம் கறுப்பு. தகர டிரம்மில் ஊறவைத்தால் இன்னும் கறுக்கிறது. (தோட்டத் தொழிலாளி, கூடலூர்)

ப: அந்த டிரம்தான் காரணம், தங்கச்சி. ஃபேக்டரியில் உருட்டிய இலை காற்றுப்பட்டு நிறம் மாறுகிறதே, அதே மாற்றம்தான் உங்கள் சட்டையில் ஒட்டிய சாற்றிலும் நடக்கிறது. அதோடு துரு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். இனி பிளாஸ்டிக் வாளிதான். வேலை முடிந்து வந்ததும் காயவிடாமல் வெறும் தண்ணீரில் அலசி, கறையில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து அரை மணி நேரம் வைத்து, நன்றாக அலசிய பிறகு சோப்பு போடுங்கள். சாயத் துணியானால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சையும் எலுமிச்சையையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். பழைய கறுப்பு முழுக்கப் போகாது. அந்தச் சட்டைகளை இலை பறிக்கவே வைத்துக்கொள்ளுங்கள்.