ஆங்கிலம் கேளுங்கள்: காலா, பிள்ளையா?

கேள்வி: மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். ஆங்கிலச் சொல்லில் பி, ஈ, டி மூன்றும் சேர்ந்து வந்தால் 'கால்' என்று பொருள் என டியூஷன் வகுப்பில் குறிப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் தம்பியைக் காட்டுகிற பீடியாட்ரிஷன் கால் டொக்டர் இல்லையே அம்மா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?
- ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: முதலில் மகளின் தலையைத் தடவிக் கொடுங்கள். குறிப்பை அப்படியே விழுங்காமல் வீட்டில் நடப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பல வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் நான். இப்படிக் கேட்கிற பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அன்றைய பாடம் தானாக நடக்கும்.

அந்தக் குறிப்பு பாதி உண்மை. லத்தீனில் காலுக்கு 'பெஸ்' என்று பெயர். 'காலுடைய' என்று சொல்ல வரும்போது அது 'பெடிஸ்' ஆகும். சைக்கிள் பெடல், காலி வீதியைக் கடக்கிற பெடஸ்ட்ரியன், மின்விசிறியைத் தாங்கி நிற்கும் பெடஸ்டல் எல்லாம் அந்தக் காலில் இருந்து வந்தவை.

பீடியாட்ரிஷன் வேறு வீட்டுப் பிள்ளை. கிரேக்கத்தில் பிள்ளைக்கு 'பைஸ்' என்று பெயர், 'பிள்ளையுடைய' என்றால் 'பைடோஸ்'. அதோடு வைத்தியரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சேர்ந்துதான் பிள்ளை வைத்தியர். ஒரே இனிஷியல் இருக்கிற இரண்டு பேருக்குத் தகப்பன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதில்லையே. சொல்லும் அப்படித்தான்.

இன்னொன்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். இலங்கையில் நாம் எழுதுவது பிரித்தானிய எழுத்துக்கூட்டல். அதில் பீடியாட்ரிஷனுக்கு பி-க்கும் ஈ-க்கும் நடுவில் ஒரு ஏ வரும். அந்த ஏ, கிரேக்கத்து 'பை'யின் மிச்சம். 'நான் காலில்லை, பிள்ளை' என்று அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடும். அமெரிக்கர் அதை எடுத்துவிட்டார்கள். கைபேசி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் நாம் ஒழுங்காக எழுதினாலும் கீழே சிவப்புக் கோடு போடும். அதற்குப் பயந்து ஏ-யை அழிக்க வேண்டாம். பிள்ளைகள் அதை இழப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெரியவர்களும் தடுக்கி விழுகிற இடம் ஒர்தோபீடிக். எலும்பு முறிவுக்குப் போகிற விடுதி என்பதால், அங்கே இருப்பதும் கால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் பிள்ளைதான்! 1741இல் நிக்கோலா அன்றி என்ற பிரெஞ்சு மருத்துவர், பிள்ளைகளின் உடற்கோணல்களைத் தடுப்பது, நிமிர்த்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். 'நேர்' என்பதற்கான கிரேக்கச் சொல்லையும் 'பிள்ளை'யையும் சேர்த்து இந்தப் பெயரை அவர்தான் ஆக்கினார். வளைந்த இளமரம் ஒன்றை நேரான தடியோடு கட்டி வைத்த படம் அந்நூலில் உண்டு. எலும்பு வைத்தியர் சங்கங்கள் பல இன்றைக்கும் அதையே சின்னமாக வைத்திருக்கின்றன. என்சைக்ளோபீடியாவில் இருப்பதும் இதே பிள்ளைதான். பிள்ளையை வளர்ப்பது, கற்பிப்பது என்ற வழியாக வந்தது.

காலுக்குத் திரும்புவோம், நமக்கு நெருக்கமான சங்கதி அங்கேதான் இருக்கிறது. பெடஸ்ட்ரியனைத் தமிழில் 'பாதசாரி' என்கிறோம். 'பாதம்' சமஸ்கிருதத்தில் இருந்து நமக்கு வந்தது. லத்தீன் 'பெட்'டும் சமஸ்கிருத 'பாத'வும் ஒரே மூலத்தில் பிறந்தவை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொதுவான ஊற்று ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் என்ற மொழியறிஞர் கல்கத்தாவில் சொன்னது 1786இல். ஆங்கில 'ஃபுட்'டும் அதே குடும்பம். பழைய ப-ஒலி அங்கே ஃப ஆகிவிடும்: பிதா, ஃபாதர், பாதம், ஃபுட். ஆகவே சிவனொளிபாதமலையில் இருக்கிற பாதமும், சிங்களவர் சொல்லும் ஸ்ரீ பாதவும், மகளின் சைக்கிள் பெடலும் ஒன்றுக்கொன்று உறவு. இதைச் சொன்னால் அவள் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டாள்.

கேள்வி: கந்தோரில் கடிதம் எழுதும்போது 'எக்ஸ்பெடைட்' என்று போடுகிறோம். அதிலும் பி, ஈ, டி இருக்கிறது. அது காலா?
- ஓர் எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை

பதில்: காலேதான். லத்தீனில் 'இம்பெடீரே' என்றால் காலைச் சிக்கவைப்பது. தடை என்ற பொருளுள்ள 'இம்பீட்' அதில் வந்தது. 'எக்ஸ்பெடீரே' சிக்கிய காலை விடுவிப்பது. கோப்பு எங்கோ மாட்டிக் கிடக்கிறது, அதன் காலை அவிழ்த்துவிடுங்கள் என்றுதான் நீங்கள் எழுதுகிறீர்கள். பெடிகிறீ நாய்க்குட்டி என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளும் கால் உண்டு, பறவையின் கால். பழைய பிரெஞ்சில் 'நாரைக் கால்' என்ற தொடர் அது. வம்சாவளி எழுதும்போது கிளை பிரிகிற இடத்தில் போட்ட கோடுகள் நாரையின் காலடி போல இருந்ததால் வந்த பெயர்.

கேள்வி: டோர்பிடோ?
- சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவன், தெஹிவளை

பதில்: காலும் இல்லை, பிள்ளையும் இல்லை. மரத்துப்போவதைக் குறிக்கும் லத்தீன் வினையில் இருந்து வந்தது. தொட்டால் மின்சாரம் பாய்ச்சி உடம்பை விறைக்க வைக்கும் திருக்கை மீனுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கடலுக்கடியில் பாயும் ஆயுதத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது.

கேள்வி: சென்டிபீடுக்கு உண்மையில் நூறு கால் இருக்கிறதா?
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பெயரில் நூறும் காலும் இருக்கின்றன. உடம்பில் நூறு அமையாது. வளர்ந்த மட்டத்தேளுக்குக் கால்கள் எப்போதும் ஒற்றைப்படைச் சோடிகளாகவே இருக்கும்: இனத்துக்கு ஏற்ப 15 சோடி முதல் 191 சோடி வரை. நூறு கால் வேண்டுமானால் 50 சோடி வர வேண்டும், அது இரட்டைப்படை. மில்லிபீட் என்றால் ஆயிரங்கால். அந்தப் பெயருக்கு உண்மையாக நடக்கிற மரவட்டை ஒன்று மேற்கு அவுஸ்திரேலியாவில், நிலத்துக்கு 60 மீற்றர் கீழே துளைத்த கிணறு ஒன்றில் கிடைத்தது. 2021இல் விவரித்து எழுதினார்கள். கால்கள் 1,306.