என் மகன் இடது கைக்காரனா?

கேள்வி: 32ஆவது வாரத்திலேயே எனக்கு இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். இப்போது ஒன்பது மாதம். 1,900 கிராம் இருந்த பெரியவன் நன்றாக இருக்கிறான். 1,400 கிராம் இருந்த சின்னவன், கிலுகிலுப்பையைக் கொடுத்தால் இடது கையால்தான் வாங்குகிறான், வலது கை மூடியபடியே இருக்கிறது. "இடது கைக்காரனுங்க, அவங்க அப்பாரு மாதிரி" என்கிறார் எங்கம்மா. மாமியாரோ, ஆறாம் மாதம் வரை நான் பனியன் கம்பெனிக்குப் போனதுதான் காரணம் என்கிறார். மூளை முடக்குவாதமாக இருக்குமோ?
– பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: அம்மணி, முதலில் அப்பாருவை விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இடது கை, வலது கைப் பழக்கமே வராது, இரண்டு கையாலும் மாற்றி மாற்றித்தான் பிடிக்கும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்ததைக் கழித்தால் உங்கள் பையனுக்கு ஏழு மாதம்தான், ஆனாலும் நாலு மாதத்திலேயே விரிந்திருக்க வேண்டிய கை இன்னும் மூடியே இருப்பதையும் ஒரு கையை மட்டும் ஒதுக்குவதையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உட்கார வைத்து, இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் பொம்மையைக் காட்டுங்கள். அப்போதும் வலது கை வரவில்லையா? இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் போங்கள்.

குறைமாதம், 1,500 கிராமுக்குக் கீழ் எடை, இரட்டை – மூன்றுமே மூளை முடக்குவாதத்துக்கான, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை கால் அசைவு கெடும் நோய்க்கான, வாய்ப்பைக் கூட்டுபவைதான். 32 வாரம் வரை மூளையின் உள்ளறைகளை ஒட்டிய ரத்தக் குழாய்கள் நூல் மாதிரி இருக்கும், சட்டென்று கசிந்துவிடும். கை கால்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டித்தான் இறங்குகின்றன. அப்படிப் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, உங்கள் பெரியவனையே பாருங்களேன். பிறந்தபோது உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பனியன் கம்பெனியையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அதே போல, "பிரசவத்துல லேட் பண்ணிட்டாங்க" என்பதும் எல்லார் வாயிலும் வருகிறது. 1861இல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர் கிளப்பிவிட்ட எண்ணம் அது. 1897லேயே ஃபிராய்ட், ஆமாம், கனவுகளைப் பற்றி எழுதினாரே அவரேதான், கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று மறுத்தார். பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் வருவது கொஞ்சம் பேருக்குத்தான். கர்ப்பத்தில் வந்த ருபெல்லா போன்ற கிருமித் தொற்று, பிறந்த பிறகு வரும் மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல, நிறையப் பேருக்குக் காரணமே பிடிபடாது.

இது இன்ன நோய் என்று டாக்டர் பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று உங்கள் ஊர் நர்சம்மாவிடம் கேளுங்கள், அங்கே காசு கிடையாது. நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிவைத்து மற்றதைப் பழக்கும் பயிற்சியும் உண்டு, அதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பேத்தி பிறந்து மூன்று நாள், உடம்பு மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுங்களா?
– ஒரு அமுச்சி, பொள்ளாச்சி

பதில்: போதாதுங்க. லேசான மஞ்சள் தானாகப் போய்விடும், ஆனால் அது லேசானதா என்று கண்ணால் சொல்ல முடியாது, ரத்தத்தில் பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ஏறி மூளைக்குள் போய்விட்டால் கை கால் முறுக்கிக்கொள்ளும் வகை முடக்குவாதமும் காது கேளாமையும் வரும். அளவாக நீல விளக்கில் வைத்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்தம் – இதில் ஒன்று இருந்தாலும் இன்று ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.